கையில் சாப்பாட்டுப் பெட்டி

"இறங்கினா முழுசா இறங்கணும்டா. இல்லன்னா விட்டுடணும். நடுவுல நின்னா ரெண்டும் போயிடும்."

போன மாதம் தெம்பனிசில் ஒரு காப்பிக்கடையில் என் நண்பன் இப்படிச் சொன்னான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் நாங்கள் இருவரும் மூன்றாம் ஆண்டு. படிப்பு முடிய இன்னும் ஐந்து மாதங்கள்தான். அவன் பையில் படிப்பிலிருந்து விலகுவதற்கான படிவம் இருந்தது. பாதி நிரப்பியிருந்தான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பாடல் எழுதுகிறோம். அவன் பாடுவான், நான் கித்தார் வாசிப்பேன். இதுவரை மூன்று பாடல்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறோம். அதிகம் கேட்கப்பட்ட பாடலை 412 முறை கேட்டிருக்கிறார்கள். அதில் ஐம்பது முறையாவது என் அம்மாவாக இருக்கும். "சுயாதீனக் கலைஞன்னா வேற வேலையில மாட்டிக்கக் கூடாது. நீயும் வாடா," என்றான் அவன். படிப்பை விட்டால் மேடைக்கு முன்னால் தேசிய சேவைக் கடிதம்தான் வந்து நிற்கும் என்பது அவன் திட்டத்தில் இல்லை. அதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டான்.

பதில் சொல்லத் தெரியாமல், கைப்பேசியில் ஓர் இசைத்தொகுப்பின் அட்டைப்படத்தை எடுத்துக் காட்டினேன். செங்கல் சுவர் ஓரம், சாதாரணச் சட்டையில் ஒருவர் நிற்கிறார். கையில் தொழிலாளர்கள் எடுத்துப் போகும் சாப்பாட்டுப் பெட்டி.

"யார் இந்த அங்கிள்?" என்றான்.

அவர் பெயர் பில் விதர்ஸ். அமெரிக்க சோல் இசைப் பாடகர், பாடலாசிரியர். அவர் எழுதிய 'எய்ன்ட் நோ சன்ஷைன்', 'லீன் ஆன் மீ' இரண்டையும் யார் எழுதியது என்று தெரியாமலே நம்மில் பலர் கேட்டிருப்போம். 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்ற அந்த முதல் தொகுப்பு வெளிவந்தது 1971இல். அப்போது அவருக்கு வயது 32. அட்டைப்படம், கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் அவர் வேலை பார்த்த வெபர் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில், மதிய உணவு இடைவேளையில் எடுத்தது. அங்கே அவர் செய்துகொண்டிருந்த வேலை, விமானங்களுக்குக் கழிப்பறை தயாரிப்பது.

இவரைப் பற்றி எனக்குச் சொன்னவர் இசை ஆசிரியர் அல்லர். நான் இப்போது வேலைப் பயிற்சியில் இருப்பது விமானங்களின் உட்புறப் பாகங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில். ஒரு நாள் கழிப்பறைக் கதவு ஒன்றின் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முகம் வாடியிருந்திருக்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளரான மலாய்க்கார அங்கிள் அருகில் வந்து, "இந்த வேலை செய்தவர்தான் உலகம் முழுக்கப் பாடும் பாட்டை எழுதினார், தெரியுமா?" என்றார். கிண்டல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் உண்மை. அன்று தொடங்கி மூன்று மாதமாக வேறு யாரையும் நான் அதிகம் கேட்கவில்லை.

இசைத்துறைக்கு வருவதற்கு முன் அவர் கடந்த பாதை நீளமானது. 1938இல் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசி. பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். பேச்சில் திக்கல் இருந்தது. அது 28 வயதுவரை அவரை விடவில்லை. பதின்ம வயதிலேயே கடற்படையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தார். இரண்டு ஆண்டு தேசிய சேவையில் இசை போய்விடுமே என்று கவலைப்படும் நண்பர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்: ஒன்பது. வெளியே வந்தபிறகு பால் விநியோகம், பிறகு தொழிற்சாலை வேலைகள். 1967இல் லாஸ் ஏஞ்சலிசுக்கு வந்தார். பகலில் வேலை, மற்ற நேரத்தில் பாட்டு. அடகுக்கடையில் ஒரு கித்தார் வாங்கி, தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். கூலியில் மிச்சம் பிடித்த காசில் மாதிரிப் பதிவுகள் செய்து, கேட்கக்கூடியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இங்கேதான் என் நண்பனோடு நான் முரண்படுகிறேன். அந்தக் கூலியை அவருடைய கலைக்குத் தடையாக அவன் பார்க்கிறான். எனக்கோ, அந்தக் கூலிதான் அவருடைய சுயாதீனம் என்று தோன்றுகிறது. வாடகைக்கு இசையை நம்பியிராத ஒருவர்தான், "இப்படிப் பாடு, அப்படி உடுத்து" என்று சொல்பவரிடம் முடியாது என்று சொல்ல முடியும். அன்றைய சோல் இசை மேடை எப்படி இருந்தது என்று பாருங்கள். ஜேம்ஸ் பிரவுன் மேடையில் விழுந்து எழுந்து ஆடுவார். ஊதுகருவிகள் முழங்கும். பளபளக்கும் உடைகள். அந்தக் காலத்தில் முக்காலியில் உட்கார்ந்து, கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பாடினார் விதர்ஸ். அடுத்த மாதச் சாப்பாடு அந்த மேடையைச் சார்ந்திருந்தால் அவ்வளவு மெதுவாகப் பாடத் துணிவு வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அவரை ஏற்றுக்கொண்டது சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம். கிளாரன்ஸ் அவான்ட் என்பவர் தொடங்கியது. தொகுப்பைத் தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ், மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்துப் பாடல்கள் பலவற்றில் ஆர்கன் வாசித்தவர். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த விதர்ஸ், "இந்தப் பாடல்களை யார் பாடப்போகிறார்கள்?" என்று கேட்டாராம். நீங்கள்தான் என்று புக்கர் டி. சொல்ல வேண்டியிருந்தது. சிறு நிறுவனம் என்பதால் கையில் பணமும் குறைவு. நான்கு அமர்வுகள் என்று திட்டமிட்டு மூன்றில் முடித்தார்கள். அதிலும் இரண்டாவது அமர்வுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி. அந்த ஆறு மாதம் அவர் என்ன செய்திருப்பார்? வேலைக்குப் போயிருப்பார்.

இனி பாடல்களுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். முன்னிசை கிடையாது, குரல்தான் தொடக்கம். தனிப் பல்லவி என்று எதுவும் கிடையாது. நடுவில் ஓரிடத்தில், 'தெரியும்' என்று பொருள்படும் இரண்டே சொற்களைத் தொடர்ந்து 26 முறை பாடுகிறார். வேறு யாராவது செய்திருந்தால் கேட்பவர் பொறுமை இழந்திருப்பார். இங்கே அது நெஞ்சை இறுக்குகிறது. ஒரு மனிதன் தனக்குத்தானே எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிச் சமாதானப்படுத்திக்கொள்கிறான், ஆனால் சமாதானம் ஆகவில்லை. கூர்ந்து கேட்டால், அந்த 26 முறையும் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதுகூடக் கேட்கும்.

வேடிக்கை என்னவென்றால், அது திட்டமிட்டு எழுதியதல்ல. அந்த இடத்தில் பிறகு வரிகள் எழுதிக்கொள்ளலாம் என்று இடத்தை நிரப்பத்தான் அப்படிப் பாடினார். கூடத்தில் இருந்த அனுபவசாலிகள் அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார். இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எங்கள் மூன்றாவது பாடலில் ஒரு நல்ல மௌனம் இருந்தது. அது 'காலி'யாகத் தெரிகிறதே என்று பயந்து, அங்கே நான் இரண்டு அடுக்குக் கித்தாரும் ஒரு கணினித் தாளமும் போட்டு நிரப்பினேன்.

அந்தப் பாடல் முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் வந்தது. முன்பக்கத்தில் இருந்தது 'ஹார்லெம்' என்ற வேறொரு பாடல். வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பில்போர்ட் பட்டியலில் மூன்றாம் இடம், பிறகு கிராமி விருது. அந்தச் சமயத்தில் தொழிற்சாலை அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்ததாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒன்று மீண்டும் வேலைக்கு வரச் சொன்னது. இன்னொன்று ஜானி கார்சனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தது.

அதே தொகுப்பில் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' என்றொரு பாடல். பாட்டியின் கைகளைப் பற்றியது. தேவாலயத்தில் தட்டிய கைகள், பேரன் அடி வாங்காமல் தடுத்த கைகள். பாட்டியின் அன்பைப் பற்றிப் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை, கைகள் மட்டும்தான். என் பாட்டியைப் பற்றி நான் எழுதிய பாடலில் 'பாசம்' நான்கு முறை வருகிறது. பாட்டியின் விரலில் வெற்றிலைக் காம்பு கிள்ளிய கறை ஒரு முறைகூட வரவில்லை. (1996இல் வந்த 'நோ டிகிட்டி' பாடலின் அந்த முனகலும் தாளமும் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், அது இந்தப் பாட்டியின் பாடலிலிருந்து எடுத்ததுதான்.)

அடுத்த ஆண்டு 'ஸ்டில் பில்' தொகுப்பு வந்தது. இங்கே அவருடைய வளர்ச்சி தெளிவாகக் கேட்கிறது. முதல் தொகுப்பில் புக்கர் டி. கொண்டுவந்த கலைஞர்கள் வாசித்தார்கள். இதில், லாஸ் ஏஞ்சலிசில் வாட்ஸ் பகுதியின் பெயரைத் தாங்கிய ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் வாசித்தார்கள். டிரம்ஸ் ஜேம்ஸ் கேட்சன். தயாரிப்பிலும் அவர்களோடு விதர்சே இருந்தார். குரல் அதே அமைதியில் இருக்க, அடியில் தாளம் இறுகியிருக்கிறது. முதல் தொகுப்பு தனியாக உட்கார்ந்திருப்பவரின் இசை என்றால், இது நான்கு பேர் ஒரே அறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பது.

'லீன் ஆன் மீ' இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. சிறிய மின்பியானோ ஒன்றை வாங்கி, விரல்களை வெள்ளைக் கட்டைகளில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தபோது வந்த மெட்டு. கர்நாடக இசை வகுப்புக்குப் போயிருப்பவர்கள் முணுமுணுத்துப் பாருங்கள்: ச-ரி-க-ம என்று ஏறுகிறது, ம-க-ரி-ச என்று அதே படியில் இறங்குகிறது. முதல் மாதத்தில் சொல்லித்தரும் சரளி வரிசையைவிடப் பெரிய கணக்கு அதில் இல்லை. பியானோவில் கையின் வடிவத்தைக்கூட மாற்ற வேண்டாம், அப்படியே நகர்த்தினால் போதும். அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்த ஸ்லாப் ஃபோர்க்கை, பெருநகரத்தில் இருந்துகொண்டு நினைத்துப் பார்த்து எழுதிய வரிகள். அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1987இல் கிளப் நூவோ என்ற குழு வேறு தாளத்தில் பாடியபோது மறுபடியும் முதலிடம். அவர் இறந்தது 2020 மார்ச் 30ஆம் தேதி. கொவிட்-19 பரவி உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த நாள்கள் அவை. அந்த வாரங்களில் ஊர் ஊராக மக்கள் இந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நண்பன் கேட்ட கேள்வி நியாயமானது. "சரி, அவ்வளவு சுயாதீனமா இருந்தவர், அப்புறம் ஏன் பாடறதையே விட்டாரு?"

அதுவும் கதையில் உண்டு. 1970களின் நடுவில் சசெக்ஸ் நிறுவனம் மூழ்கியது. விதர்ஸ் கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார். அங்கேயும் நல்ல பாடல்கள் வந்தன. 1977இல் வந்த 'லவ்லி டே'யின் இறுதியில் ஒரே சுரத்தை ஏறக்குறைய 18 விநாடி பிடித்து நிற்கிறார். வீட்டில் நான் முயன்று பார்த்து, பதினொன்றில் இருமிவிட்டேன். ஆனால் அங்கே, கறுப்பின இசை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கே வகுப்பெடுக்கும் அதிகாரிகள் இருந்தார்கள். எல்விஸ் பிரெஸ்லி பாடிய ஒரு பாடலை எடுத்துப் பாடச் சொன்னதை அவர் பின்னாளில் பேட்டிகளில் எரிச்சலோடு சொல்லியிருக்கிறார். 1978க்கும் 1985க்கும் இடையே அவர் பெயரில் ஒரு தொகுப்பும் வரவில்லை. நடுவில், 1981இல், சாக்ஸஃபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் தொகுப்பில் அவர் பாடிய 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' பெரும் வெற்றி பெற்றது. அது வேறொரு நிறுவனத்தின் வெளியீடு. 1985 தொகுப்போடு அவர் விலகிக்கொண்டார். அதன்பின் 35 ஆண்டுகள் வாழ்ந்தும் புதுத் தொகுப்பு எதுவும் தரவில்லை. 2015இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் ஸ்டீவி வொண்டர் அவரை வரவேற்றபோது, பாதிப் பேர் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் வியந்திருப்பார்கள்.

நண்பன் இதைத் தன் பக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டான். "பாத்தியா, முதலாளி இருந்தா இப்படித்தான்." நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். தொழிற்சாலை வேலை அவருடைய எட்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது, ஆனால் அவர் பாட்டுக்குள் மூக்கை நுழைக்கவில்லை. இசை நிறுவனத்து ஒப்பந்தம் நுழைத்தது. இன்று நாமே பாடலை ஏற்றலாம், நிறுவனம் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் வருமானம் முழுக்க அதிலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலை வந்ததும், எத்தனை விநாடியில் கேட்பவர் தள்ளிவிட்டுப் போகிறார் என்ற எண்ணிக்கை நமக்கு அதிகாரி ஆகிவிடும். முன்னிசை வேண்டாம் என்று விதர்ஸ் முடிவு செய்தது பாட்டுக்காக. நாம் முன்னிசையை வெட்டுவது பயத்தில்.

என் வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. எட்டு மணி நேர வேலைக்குப் பின் எல்லாருக்கும் எழுதத் தெம்பு இருக்காது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் என் அத்தை மகனிடம் போய் விதர்ஸ் கதையைச் சொன்னால் அடிக்க வருவார். விதர்சின் பதிவு புக்கர் டி. காதில் விழாமலே போயிருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அப்படி யார் காதிலும் விழாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காப்பிக்கடையில் நான் நீளமாகப் பேசியபிறகு அவன் அமைதியாக ஒன்று கேட்டான். "அவர் சம்பளத்தில பாட்டைப் பதிவு பண்ணாரு. நீ நாலு மாசமா பயிற்சிப்படி வாங்குற. என்ன பண்ண?"

பதில் இல்லை. காலணி வாங்கினேன். அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். மீதி வங்கியில் இருக்கிறது. நான்கு மாதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. வேலை களைப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் படிவத்தை நிரப்புவதில் அவசரம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். என் நிதானத்தில் எவ்வளவு விவேகம், எவ்வளவு பயம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. விதர்ஸ் வேலையை விடவில்லை என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த இரவுகளில் அவர் என்ன செய்தார் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

அன்றிரவே ஒரு பயிற்சிக் கூடத்தில் இரண்டு மணி நேரம் முன்பதிவு செய்தேன். மணிக்கு 25 வெள்ளி. என் பயிற்சிப்படியிலிருந்து கட்டினேன். வரும் சனிக்கிழமை மாலை. ஒரு கித்தார், ஒரு குரல், ஒரே ஒலிவாங்கி. கணினித் தாளம் கிடையாது என்று முடிவு செய்திருக்கிறோம். பாட்டியின் பாடலைத்தான் பதிவு செய்யப்போகிறோம். 'பாசம்' நான்கையும் அடித்துவிட்டேன். வெற்றிலைக் காம்பு உள்ளே வந்துவிட்டது.

படிவம் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று இரவு அழைத்தான். இரண்டாவது சரணத்தில் நான்கு வரிகள் இன்னும் வரவில்லையாம். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் அந்த இடத்தில் என்ன செய்வது என்று கேட்டான்.

"வாயில வர்றதைப் பாடு. அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.